புது கம்ப்யூட்டருக்குக் காவல் வாங்கும் முன்...

வீட்டுக்குப் புதுசாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதையெல்லாம் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பேசி முடித்து விடுகிறார்கள். கடைசியில் பில் போடும்போது கடைக்காரர், "ஆன்ட்டி வைரஸ் போட்டுடலாமா?" என்று கேட்பார். அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். வைரஸ் என்ற பேரைக் கேட்டாலே பயம். பயத்தில் "சரி, போடுங்க" என்று தலையாட்டுகிறவர்கள் ஒரு பக்கம். "அதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச பையன் சும்மாவே போட்டுத் தருவான்" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே யோசிக்காமல் எடுக்கிற முடிவுதான்.

நான் பத்தாவது வரை படித்தவள். மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள். என் கணவர் மில்லில் சூப்பர்வைசர். மாதம் இரண்டாயிரம் வீதம் போட்ட சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவு செய்தோம். என் கையால் சேர்த்த பணம் என்பதால், பில்லில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் தெரியாமல் கொடுக்க மனசு வரவில்லை.

முதலில் போன கடையில், பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டித் தரும் கம்ப்யூட்டருக்கு விலை எழுதிக் கொடுத்தார்கள். அதில் 'விண்டோஸ் - இலவசம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'ஆன்ட்டி வைரஸ் - 1,200' என்று ஒரு வரி. "விண்டோஸ்னா காசு கொடுத்து வாங்குற பொருளாச்சே, அது எப்படித் தம்பி இலவசம்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான்க்கா போட்டுத் தர்றோம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கொழுந்தனார், "ஆன்ட்டி வைரஸுக்கும் காசு கொடுக்காதீங்க அண்ணி. என் பென்டிரைவ்ல கிராக் இருக்கு, நான் போட்டுத் தர்றேன்" என்றார்.

இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தேன். மகளின் பள்ளிக் கம்ப்யூட்டர் டீச்சர், பாங்கில் வேலை செய்யும் என் பெரியம்மா மகன், இருவரும் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். மீதியை மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

'கிராக்' என்றால் காசு கொடுக்காமல் பயன்படுத்துவதற்காகப் பூட்டை உடைத்த சாஃப்ட்வேர். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் திருட்டுக் காப்பிக்கும் வைரஸுக்கும் ஆரம்பத்திலேயே தொடர்பு உண்டு. ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸின் பெயர் பிரெய்ன். 1986ல் பாகிஸ்தானில் லாகூர் நகரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதியது. தங்கள் மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுக்கிறார்கள் என்றுதான் அதைச் செய்தோம் என்று பிற்பாடு சொன்னார்கள். கடைப் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வைரஸுக்குள்ளேயே இருந்ததாம்! இப்போது வைரஸ் எழுதுகிறவர்கள் விலாசம் தருவதில்லை. பணம்தான் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் பையன் ஒரு விளையாட்டை விலை கொடுக்காமல் விளையாட ஆசைப்பட்டு, எங்கிருந்தோ கிராக் இறக்கியிருக்கிறான். அதை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்ட்டி வைரஸை நிறுத்தி வைக்கும்படி அதிலேயே எழுதியிருந்ததாம். பையனும் நிறுத்தியிருக்கிறான். மறுநாள் கம்ப்யூட்டரில் இருந்த எந்த போட்டோவும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் புரியாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. டாலரில் பணம் கட்டினால் திறந்து விடுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேறு. இதற்கு ரான்சம்வேர் என்று பெயர், அதாவது பிணைத்தொகை கேட்கும் வைரஸ். அக்காவின் ரவிக்கை டிசைன்கள் போனதுகூடப் பரவாயில்லை. காலமான அவர் அம்மாவின் கடைசிப் பொங்கல் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் காப்பி இல்லை. சர்வீஸ் கடையில் "அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும்" என்று கைவிரித்து விட்டார்கள்.

இந்த மாதிரிப் பூட்டுகளில் சில வகைக்குச் சாவி கண்டுபிடித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஐரோப்பியப் போலீசாரும் சில ஆன்ட்டி வைரஸ் கம்பெனிகளும் சேர்ந்து 2016ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற திட்டம் அது. ஆனால் எல்லா வகைக்கும் சாவி கிடைப்பதில்லை. அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கொழுந்தனாரிடம் சொன்னபோது, "ஊரே கிராக் போட்டுத்தானே ஓட்டுது அண்ணி" என்றார். "தம்பி, காவல்காரனையே திருட்டு வழியில கூட்டிட்டு வந்தா அவன் யாருக்குக் காவல் காப்பான்? உங்க மேல நம்பிக்கை இல்லாம சொல்லலை, அந்தப் பென்டிரைவ்ல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதில்ல" என்றேன். கொஞ்சம் முகம் வாடியவர், பிறகு சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். என் மாமியார்கூட, "ஓசிச் சோத்துல கல்லு இருந்தா யாரைக் கேக்குறது?" என்று என் பக்கம் பேசினார்.

அடுத்ததாக நான் தெரிந்துகொண்டதுதான் முக்கியமான செய்தி. விண்டோஸ் முறைப்படி வாங்கியதாக இருந்தால், அதற்குள்ளேயே ஒரு ஆன்ட்டி வைரஸ் இருக்கிறது. பெயர் டிஃபெண்டர். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு கூடவே வருகிறது. தனியாகக் காசு கிடையாது, வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டாம். கீழே உள்ள தேடும் கட்டத்தில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும். எல்லாம் பச்சை டிக் ஆக இருந்தால் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளோ சிவப்போ இருந்தால் என்ன குறை என்று அங்கேயே எழுதியிருக்கும்.

"சும்மா வருவது நன்றாக இருக்குமா?" என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆன்ட்டி வைரஸ்களைப் பரீட்சை வைத்து மதிப்பெண் போடுவதற்கென்றே ஜெர்மனியில் ஏ.வி.-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏ.வி.-கம்பாரட்டிவ்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. இவர்களின் பரீட்சைகளில் டிஃபெண்டர் பல வருடங்களாகவே, காசு கொடுத்து வாங்கும் பேர்போன சாஃப்ட்வேர்களோடு சேர்ந்து நல்ல மதிப்பெண் வாங்கி வருகிறது. ஒரு குறையும் சொல்கிறார்கள். இன்டர்நெட் இணைப்பு இல்லாத நேரத்தில் அது கொஞ்சம் மந்தம். ஆகவே நெட் இல்லாமல் பென்டிரைவ் மாற்றி மாற்றிப் போடுகிற வீடாக இருந்தால், தனியாக ஒன்று வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆன்ட்டி வைரஸைவிடப் பெரிய காவல் ஒன்று உண்டு. அது அப்டேட். 2017 மே மாதம் 12ம் தேதி வான்னக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச் மாதமே கொடுத்து விட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். இந்த அப்டேட் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகும். நமக்கு அது செவ்வாய் ராத்திரி. புதன்கிழமை காலையில் 'ரீஸ்டார்ட்' கேட்டால் எரிச்சல்படாமல் விட்டு விடுங்கள். கிராக் விண்டோஸில் பலர் இந்த அப்டேட்டையே நிறுத்தி வைத்து விடுகிறார்கள். கடைக்காரர் விண்டோஸைக் கிராக்கில் கொடுத்துவிட்டு ஆன்ட்டி வைரஸை 1,200க்கு விற்பது, கள்ளச்சாவி போட்ட வீட்டுக்கு வாட்ச்மேன் வைப்பது போலத்தான்.

பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ம் தேதியோடு முடிந்து விட்டது. 'விலை குறைவு' என்று யாராவது பழைய மெஷினைக் காட்டினால், "விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா?" என்று முதலில் கேளுங்கள். பழைய பிராசசர் உள்ளவற்றில் ஏறாது.

சரி, காசு கொடுத்து ஆன்ட்டி வைரஸ் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நம்மூர்க் கம்பெனிகளே நன்றாகச் செய்கின்றன. கே7 என்பது 1991ல் சென்னையில் தொடங்கியது. குவிக் ஹீல் புனேயைச் சேர்ந்தது. வெளிநாட்டுப் பெயர்களும் நிறைய உண்டு. வாங்குவதானால் கடையில் கேட்க வேண்டிய கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று, இந்த விலை எத்தனை கம்ப்யூட்டருக்கு, எத்தனை வருடத்துக்கு? வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கும்போது மூன்றுக்கான பெட்டி எதற்கு?

இரண்டு, அடுத்த வருடம் என்ன விலை? முதல் வருடம் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் முழு விலை கேட்பது இந்த வியாபாரத்தில் சகஜம். நாம் பார்க்க வேண்டியது இரண்டாம் வருட விலையைத்தான்.

மூன்று, பணம் தானாகப் பிடிக்கப்படுமா? கார்டு நம்பர் கொடுத்து வாங்கினால் 'ஆட்டோ ரினியூவல்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். இந்த மாதிரி தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பாங்கிலிருந்து தகவல் வர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளி விடாதீர்கள்.

நான்கு, பெட்டி சீல் உடையாமல் இருக்கிறதா, சாவி எண் நம் கைக்கு வருகிறதா, பில் உண்டா? பில் இல்லாத சாவி எண் பத்து பேருக்குப் போயிருக்கலாம்.

ஐந்து, இதில் டிஃபெண்டரில் இல்லாத எது எனக்குக் கிடைக்கிறது? குழந்தைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் வசதி என்பார்கள். அதை மைக்ரோசாஃப்டே 'ஃபேமிலி சேஃப்டி' என்று இலவசமாகத் தருகிறது. பிரச்னை வந்தால் போனில் தமிழில் பேசி உதவுவார்கள் என்றால், அது காசு கொடுக்கத் தகுந்த காரணம்.

இலவசமாகக் கிடைக்கும் வேறு ஆன்ட்டி வைரஸ்களும் இருக்கின்றன. அவற்றிலும் கண் வேண்டும். அவாஸ்ட் என்ற பிரபல கம்பெனி, தன் சாஃப்ட்வேர் வைத்திருந்தவர்கள் இன்டர்நெட்டில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தை விற்றது என்று சொல்லி, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024ல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. காவல்காரனுக்கு வீட்டின் எல்லா அறையும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்ட்டி வைரஸ் போட்டால் இரட்டைக் காவல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு மெஷின் நத்தையாகி விடும். வெளியிலிருந்து ஒன்று போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக் கொள்ளும். போட்டது காலாவதியானால் அதை அப்படியே விட்டு வைக்காமல், ஒன்று புதுப்பிக்க வேண்டும், அல்லது முழுக்க எடுத்துவிட வேண்டும். எடுத்தால் டிஃபெண்டர் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

நாங்கள் கடைசியில், முறையான விண்டோஸ் 11 போட்டே வரும் லேப்டாப்பை வேறு கடையில் வாங்கினோம். முதல் கடைக் கணக்கைவிட நாலாயிரம் கூட ஆனது. "அந்த நாலாயிரத்துக்கு மிக்ஸி மாத்தியிருக்கலாமே" என்று என் கணவர் கேட்டார். "மிக்ஸி இன்னும் ஒரு வருஷம் ஓடும்ங்க. பி.எஃப். பேப்பர், பத்திரக் காப்பி, பாங்க் கணக்கு எல்லாம் இதுலதானே வைக்கப் போறோம்" என்றேன். பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். லேப்டாப்போடு ஒரு கம்பெனியின் ஆன்ட்டி வைரஸ் 30 நாள் டிரையலும் வந்தது. தினம் தினம் 'ஆபத்து, உடனே வாங்கு' என்று பயமுறுத்தியதால் மகளை விட்டு அதை எடுத்துவிட்டோம். டிஃபெண்டர் பச்சை டிக் காட்டியது.

மகளுக்குத் தனியாக ஒரு கணக்குத் திறந்திருக்கிறோம். அதில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் என் பாஸ்வேர்டைக் கேட்கும். அவளுக்கு முதலில் கோபம். "உன் மேல சந்தேகம் இல்லடி, நீ தெரியாம தட்டிட்டாலும் உள்ள வராம இருக்கத்தான்" என்று சொன்னதும் புரிந்துகொண்டாள். கூடவே ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை போட்டோ, பத்திரம் எல்லாம் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைத்து விடுகிறோம். கழற்றுவது முக்கியம். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். தையல் அக்காவும் இப்போது இப்படித்தான் செய்கிறார்.

எந்த ஆன்ட்டி வைரஸாலும் தடுக்க முடியாத திருட்டு ஒன்று உண்டு. அது போனில் வருவது. ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்கு உடனே பேசவும்' என்று வரும். கூடவே அலறல் சத்தம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. அவர்கள் தாங்களாக நமக்குப் போன் செய்து 'ரிப்பேர் செய்கிறோம்' என்று சொல்வதும் இல்லை. அப்படி வந்தால் நம்பரைத் தொடாதீர்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து விட்டாலே போதும். பேசினால், எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி, அவர்கள் இடத்திலிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்து விடுவார்கள். கதவை நாமே திறந்து விட்டால் காவல்காரன் என்ன செய்வான்? ஒருவேளை பணம் போய்விட்டால் அழுதுகொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து, அந்த நேரத்தைப் பாழாக்கி விடாதீர்கள்.

கம்ப்யூட்டர் விஷயம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கிப் போகக் கூடாது சகோதரிகளே. பகலில் வீட்டில் இருப்பது நாம். போன் வந்தால் எடுப்பதும், சர்வீஸுக்கு வரும் பையனிடம் பேசுவதும் நாம்தான். காஸ் சிலிண்டர் பதிந்த தேதி எழுதும் நோட்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஆன தேதி, காப்பி எடுத்த தேதி. மாதம் அரை மணி நேரம் போதும்.

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்.